என் பக்கத்துக் குமிழ்

சீனக்குடாவைத் தாண்டி, கண்டி வீதியால் கப்பல்துறைப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோதுதான் அதை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். கேட்க ஒருவரும் இல்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன்: என் தங்கையின் புது வீட்டுக்குள் மழைத்தண்ணீரை விட்டவன் நான்தான். தெரிந்தே விட்டேன்!

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். குச்சவெளியில் வலை இழுத்தேன், கொழும்பில் மூட்டை தூக்கினேன், கட்டடங்களில் கல் சுமந்தேன். எங்கேயும் நிலைத்ததில்லை. குறையாகச் சொல்லவில்லை, அப்படித்தான் போனது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை மனைவியின் வீட்டுக்குப் போய்விட வேண்டும். எனக்கு மனைவியும் இல்லை. ஆகவே வீடும் இல்லை. திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி உவர்மலைச் சரிவில் கிடந்த காணியை அம்மா தங்கை வதனிக்கு எழுதினபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நம்புங்கள், அவளில் எனக்குப் பொறாமை இல்லை.

பொறாமை அவளைக் கட்ட வந்த சுதனில்!

சுதன் வீட்டுப்படம் கீறுகிறவன். "சரிவை வெட்ட வேண்டாம், வீடும் சரிவோட இறங்கட்டும்" என்றான். படிப்படியாக இறங்கும் கொங்கிறீட் வீடு. ஓடு இல்லை, மேலே தட்டைத்தளம். மேல் வீதியிலிருந்து நேரே அந்தத் தளத்துக்கு நடந்து வரலாம். முழங்கால் நோகும் அம்மா ஒரு படிகூட ஏறாமல் அங்கே கதிரை போட்டு இருந்து கப்பல் பார்க்கலாம்…

அம்மா அந்தப் படத்தை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். "என்ர மருமோன் கீறினது." அம்மா நாலு பேருக்குக் காட்டும்படி நான் எதைக் கொண்டுவந்தேன்?

அம்மாவின் தமையன், எங்கள் பெரியமாமா, ஒருநாள் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "முகடில்லாத வீடோ? மொட்டந்தலை மாதிரியெல்லே இருக்கு!"

"மாமா, உங்கட தலையில மழைத்தண்ணி நிக்குதோ? வழிஞ்சு போகுதுதானே!" என்றான் சுதன்.

வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு மாமாவே சிரித்தார். அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். என் கதைக்கு அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

தளம் போடுவதற்கு முன் மட்டம் பார்த்தோம். தண்ணீர் நிரப்பிய நீளக் குழாய். மலைப்பக்கத் தூணில் ஒரு முனையோடு சுதன். துறைமுகப்பக்கத் தூணில் மறுமுனையோடு நான். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த இடத்தில் கோடு போட வேண்டும். பிறகு அந்தக் கோட்டிலிருந்து கடல்பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்தித் தளம் போடுவார்கள். நடுவில் தளப்பலகையைத் தாங்கும் முட்டுத் தடிகள் காடுபோல. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. குரல்தான்.

"மச்சான், குமிழ் கிமிழ் இருக்கோ? வடிவாப் பாருங்கோ!"

இருந்தது. என் பக்கக் குழாயில், விரல் நீளத்துக்கு ஒரு காற்றுக்குமிழ். அதனால் என் பக்கத்துத் தண்ணீர் இருக்க வேண்டியதைவிட உயரத்தில் நின்றது. குழாயைத் தட்டினால் குமிழ் போய்விடும். ஒரு தட்டு!

"ஓம், சரி. கோடு போடுங்கோ" என்றேன்.

கடலைப் பார்த்து வழிய வேண்டிய தளம் மலையைப் பார்த்துச் சாய்ந்தது. முதல் மாரிமழைக்கே மலைப்பக்கம் தண்ணீர் குளமாகித் தேங்கி, கீழே வதனியின் அறைச் சுவரால் இறங்கியது. அவள் நனைந்த மெத்தையைக் குசினிக்குள், அடுப்புப் பக்கம் இழுத்துப்போனாள்.

"நான் அப்பவே சொன்னனான்!" என்றார் பெரியமாமா. "மேல தகரத்தைப் போட்டு மூடுங்கோ."

சுதன் என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்டான்: "மச்சான், மட்டம் பாத்த நேரம் ஏதும் பிசகினதோ?"

குற்றம் சாட்டவில்லை. அறியத்தான் கேட்டான். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"இல்லையே."

"அப்ப என்ர கணக்குத்தான் பிழை." அவன் எல்லோர் முன்னாலும் அதைச் சொன்னான். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அந்த நேரம் எனக்குள் ஒரு சந்தோஷம்… ஓம், சந்தோஷம்! அதை மறைத்தால் நான் உங்களிடம் எதையும் சொன்னதாகாது.

பிறகு அம்மா கேட்டாள்: "தகரம் போட்டா நான் மேல போய் இருக்க ஏலாது, என்ன?"

தகரம் வந்து இறங்குமுன் நான் பையைத் தூக்கிக்கொண்டு கண்டி வீதியால் நடந்தேன். வேலை தேடிப் போவதாகச் சொன்னேன். என்னைத் தெரிந்தவர்கள்தானே, ஒருவரும் மறிக்கவில்லை.

மறுநாள் காலை கந்தளாயில் ஓர் அரிசி ஆலையில் வேலை கிடைத்தது. அவித்த நெல்லை முற்றத்தில் பரப்பிக் காயவிடுவது. மத்தியானம் வடகிழக்கு இருண்டது. நான்தான் முதலில் ஓடினேன். நெல்லை மூடும் படங்கை இழுத்து, கல் வைத்து, கையால் விளிம்பை அழுத்திப் பிடித்தேன். ஒரு நெல்மணிகூட நனையவில்லை.

"நல்ல பொறுப்பான பொடியன்" என்றார் முதலாளி. "நாளைக்கும் வா."

மழை திருகோணமலைப் பக்கமிருந்துதான் வந்திருந்தது. நான் ஓம் என்றேன்.