ஒட்டு வரிசை

"வீட்டுல யாரு எந்தப் பக்கம் படுப்பீங்க?"

கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வாள். எதிரே இருக்கும் கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். விமானத்துக்கு இடம் போட வந்த இடத்தில் படுக்கையறைக் கேள்வி எதற்கு என்று சிலர் நெளிவார்கள். நெளிந்தால் அவளுக்கு உற்சாகம் கூடிவிடும். "கூச்சப்படாதீங்க. என்னை டாக்டர் மாதிரி நெனச்சுக்குங்க. இங்க சொல்றது வெளிய போகாது" என்பாள். போகும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் அலுவலகம் முழுக்கப் போய்விடும்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் அந்தப் பயண அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் சீட்டக்கா. "வெளிய அப்படிக் கூப்பிடாதீங்கப்பா, சீட்டாடுறவள்னு நெனச்சிடப் போறாங்க" என்று சொல்வாளே தவிர, பெயர் பிடிக்காமல் இல்லை. நல்ல ஆகிருதி. ஒரு கண்ணாடி மூக்கில், ஒன்று தலையில். தலையில் இருப்பதைத் தேடி மேசையைத் துழாவுவாள். யாராவது எடுத்துக் கொடுத்தால், "தெரியும், தெரியும்" என்பாள்.

டிக்கெட் யார் வேண்டுமானாலும் போடலாம். இடம் போட ஆள் வேண்டும் என்பது அவள் கொள்கை. அதிலும் நெடுந்தூர விமானத்தில், பிசினஸ் கிளாஸில், கணவன் மனைவிக்கு இடம் போடுவதென்றால் மேனேஜரே எழுந்து வந்து அவள் மேசைக்கு அனுப்பிவைப்பார். சமையலறைத் திரைக்குப் பக்கத்து இருக்கை வேண்டாம். ராத்திரி முழுக்கக் கரண்டிச் சத்தம் கேட்கும். கழிப்பறைக் கதவுக்கு எதிரேயும் வேண்டாம். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் முகத்தில் வெளிச்சம் அடிக்கும். ஆள் உயரமென்றால் முதல் வரிசை, இருக்கையைப் படுக்கையாக விரித்தால் கால் நுழைக்கிற பொந்து அங்கேதான் அகலம். மற்ற வரிசைகளில் அது செருப்பு டப்பா மாதிரி இருக்கும்.

நடு வரிசைகளுக்கு அவள் வைத்திருக்கும் பெயர்கள் எந்த விமானக் கம்பெனியிலும் கிடையாது. இரண்டு இருக்கையும் அண்டி இருந்தால் அது ஒட்டு வரிசை. நடுவில் மேசை வந்து பிரித்தால் வெட்டு வரிசை. "உங்களுக்கு ஒட்டா, வெட்டா?" என்று முகத்துக்கு நேரே கேட்பாள். அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி. "இப்ப ரெண்டு பேரும் பேசிக்கிறீங்கதானே? சண்டைன்னா இப்பவே சொல்லிடுங்க, பின்னாடி மாத்த முடியாது."

ஜோடி உள்ளே நுழையும்போதே அவள் பார்ப்பது பைகளை. இரண்டு பாஸ்போர்ட்டும் யார் பையிலிருந்து வருகிறதோ அவரிடம்தான் பேச வேண்டும். மற்றவர் ஆமாம் சாமி. சொந்தக் கதையைக் கேட்டால் ஒளிக்க மாட்டாள். வீட்டுக்காரர் குறட்டை பொறுக்காமல் அவள் பின்னறைக்குக் குடிபோய் வருஷக்கணக்காகிறது. "எங்க வீட்டுல ஒரே ரூட்டு, ரெண்டு ஃப்ளைட்டு" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அந்த மேசைக்குத்தான் கணக்கு டீச்சரும் அவள் கணவரும் வந்தார்கள். அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் இதய ஆபரேஷன் ஆனவர். மகள் வீட்டுக்கு ஒரே மூச்சில் பறக்கிற விமானம். காலை நீட்டிப் படுத்துத்தான் போக வேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டாராம். இரண்டு பாஸ்போர்ட்டும் டீச்சர் பையில் இருந்தன. கூடவே மாத்திரை டப்பா, அவருடைய கண்ணாடி, அவருடைய மஃப்ளர்.

"நான் அவருக்கு இடது பக்கம். பக்கத்துலயே வேணும். எழுந்திரிக்காம கை எட்டணும்" என்றாள் டீச்சர்.

கூரையில் மின்விசிறி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. மெக்கானிக் அதன் திருகாணியையே பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டக்கா ஒட்டு வரிசையில் இரண்டு இடத்தைப் போட்டுக் கொடுத்தாள். இதைவிடச் சுலபமான ஜோடி வந்ததில்லை என்று நினைத்தாள்.

மறுநாள் மெக்கானிக் தனியாக வந்தார். மாடிப்படி ஏறிய மூச்சு அடங்கும்வரை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்க ரெண்டு பேரையும் தள்ளித் தள்ளிப் போட்டுடும்மா. நான் கேட்டேன்னு அவளுக்குத் தெரிய வேணாம். ஒட்டி இடம் இல்லைன்னு சொல்லிடு."

"சண்டையா சார்?"

"சண்டை போட்டாத்தான் பரவாயில்லையே." உட்கார்ந்தார். "ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த நாள்லேர்ந்து அவ தூங்குறதில்லம்மா. கண்ணு மூடியிருப்பா, ஆனா கை என் மேலதான் இருக்கும். நான் கொஞ்சம் மெதுவா மூச்சு விட்டாப் போதும், எழுந்து உக்காந்துடுவா. பள்ளிக்கூடத்துல பாடம் நடத்தும்போதே கண்ணு சொருகுதுன்னு பசங்க சொல்றாங்களாம். அந்த ஃப்ளைட்லயாவது நான் கண்ணுக்கு எட்டாம இருந்தா, ஒரு தூக்கம் தூங்குவா."

சீட்டக்கா இரண்டு கண்ணாடியையும் கழற்றி மேசையில் வைத்தாள். ஜோடிகளை ஒட்டவைப்பது அவள் தொழில். குறட்டைக்குப் பயந்து, கோபத்தில், சும்மா இருக்க ஆசைப்பட்டு வெட்டு கேட்டவர்கள் உண்டு. மனைவி தூங்க வேண்டும் என்று வெட்டு கேட்டவரை அவள் பார்த்ததில்லை.

ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"சார், தப்பாக் கணக்குப் போடுறீங்க. உங்களைக் கடைசி வரிசையில போட்டா அவங்க முன்வரிசையில தூங்குவாங்கன்னு நெனைக்கிறீங்களா? நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்து வந்து உங்க மூஞ்சியில குனிஞ்சு பாப்பாங்க. விளக்கெல்லாம் அணைச்சு இருட்டா இருக்கும். இன்னும் பயம் கூடும். பக்கத்துல இருந்தா கைய நீட்டினோம், இருக்காருன்னு தெரிஞ்சுது, அவ்வளவுதான். அவங்களைத் தூங்க விடாதது நீங்க பக்கத்துல இருக்கிறது இல்ல சார், உங்களைத் தேட வேண்டியிருக்கிறதுதான்."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"எத்தனை ஜோடிய உக்கார வச்சிருக்கேன் சார். தெரியாதா?"

அவர் தலையசைத்தார். நம்பித்தான் அசைத்தாரா, படியேறி வந்த களைப்பில் அசைத்தாரா என்று அவளுக்குப் புரியவில்லை. அவர் போன பிறகு அந்த இரண்டு இடங்களையும் தள்ளித் தள்ளிப் போட்டுப் பார்த்தாள். திரும்ப ஒட்டினாள். மறுபடி பிரித்தாள். பக்கத்து மேசைப் பெண், "என்னக்கா, உங்களுக்கே சந்தேகமா?" என்றாள். "மௌஸ் சரியில்ல" என்றாள் சீட்டக்கா. ஒட்டியே வைத்தாள். தப்பாகிப்போனால் பழி தன் தலையில்தான் விடியும் என்பதும் தெரிந்தேதான் வைத்தாள்.

கிளம்புகிற நாள் காலையில் விமானமே மாறிப்போனது. பழைய விமானத்தில் ஏதோ பழுது, வேறொன்றை அனுப்புகிறார்கள். புதிய விமானத்தில் ஒட்டு வரிசையே ஒன்றுதான். கணினி தன்னிஷ்டத்துக்கு எல்லோரையும் கலைத்துப் போட்டிருந்தது. டீச்சர் முன்னால், மெக்கானிக் பின்னால், நடுவில் நாலு வரிசை. மெக்கானிக் கேட்டது சீட்டக்கா கை வைக்காமலே நடந்துவிட்டது. சும்மா இருந்தால் போதும், யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது.

சீட்டக்கா போனை எடுத்தாள்.

"ஒட்டு வரிசை குடுத்தாச்சு மேடம்" என்றான் விமானக் கம்பெனி அதிகாரி. அவள் போட்ட பெயர் இப்போது அவன் வாயிலும் வந்துவிட்டது.

"யாருக்கு?"

"ஒரே ஆபீஸ்காரங்க ரெண்டு பேருக்கு. மேலதிகாரியும் கீழ வேலை பாக்குறவரும்."

"ஏம்பா, அந்த மேலதிகாரி கீழ வேலை பாக்குறவர் பக்கத்துல வாயத் தொறந்துட்டுத் தூங்குவாரா? ரெண்டு பேரும் விடிய விடிய முழிச்சுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே உக்காந்திருக்கணும். பாவம்பா. ஒரு வார்த்தை கேட்டுப் பாரு. வெட்டு வரிசை குடுத்தாக் கும்பிட்டு வாங்கிப்பாங்க."

"அவங்க ஒத்துக்கலைன்னா?"

"ஒத்துப்பாங்க. கீழ இருக்கிறவர்கிட்ட முதல்ல கேளு."

போன் கையில் இருக்கும்போதே பதில் வந்துவிட்டது. கீழே இருப்பவர் கேள்வி முடிவதற்குள் சரி என்று சொல்லிவிட்டாராம். சீட்டக்கா நாற்காலியில் சாய்ந்துகொண்டு, அலுவலகம் முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். யாராவது கேட்க மாட்டார்களா என்கிற பார்வை. யாரும் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

அடுத்த இரண்டு நாளும் போன் அடிக்கும்போதெல்லாம் பக்கத்து மேசைப் பெண்ணுக்கு முன்னால் எடுத்துவிட்டாள். மூன்றாம் நாள் மத்தியானம், புது ஜோடி ஒன்று எதிரே உட்கார்ந்து யார் எந்தப் பக்கம் என்று தங்களுக்குள் வாதாடிக்கொண்டிருக்கும்போது மெக்கானிக் கூப்பிட்டார்.

"வந்து சேந்துட்டோம்மா. இப்பத்தான் வீட்டுல எல்லாரும் வெளிய போனாங்க, அதான் கூப்பிடுறேன்."

"டீச்சர் தூங்கினாங்களா சார்?"

"சாப்பாட்டுத் தட்டை எடுத்ததும் கைய என் கை மேல வச்சா. அப்படியே தூங்கிப் போனவதான். இறங்கப் போறோம்னு சொல்லி நான்தான் எழுப்பினேன். எழுந்ததும் எங்க இருக்கோம்னே அவளுக்குத் தெரியல."

"நான் சொன்னேன்ல சார்? அன்னிக்கே சொன்னேனா இல்லையா?"

"சொன்ன, சொன்ன. ஆனா என் இடது கைதான் மரத்துப் போச்சு. தோள்லேர்ந்து விரல்வரைக்கும் ஒண்ணுமே தெரியல. தண்ணி குடிக்கணும்னு இருந்துச்சு. பாத்ரூம் போகணும்னும் இருந்துச்சு."

"கைய எடுத்திருக்கலாமே சார்."



"எடுத்தா முழிச்சுக்குவாளே" என்றார்.

"வைக்கிறேன் சார்" என்றாள். எதிரே அந்த ஜோடியின் வாதம் ஒருவழியாக முடிந்து, ஜன்னல் பக்கம் மனைவிக்கு என்று தீர்ப்பாகியிருந்தது. சீட்டக்கா திரையை இழுத்து, அவர்களுக்கான இடங்களை ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தாள். வலது கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. இடது கையை மேசைமேல் நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்க, அசைக்காமல் வைத்திருந்தாள்.