பரிவட்டம் கட்டிய ஜீப்பும் புகைச் சோதனையும்

1991, கார்த்திகை மாதம். இரண்டு நாள் மழை விட்ட காலையில், ஆறரை மணிக்கு எங்கள் ஊர் ஏரிக்கரையிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குப் புறப்பட்டோம். ஒரகடம், வல்லக்கோட்டை வழியாக ஏறக்குறைய பதினெட்டு கிலோமீட்டர். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பவர்கள், எங்கள் ஏரியின் மிகுதித் தண்ணீர் வழியும் கலங்கலை மழைக்காலத்தில் ஒரு முறை கடந்துவிட்டு வந்து பேசட்டும்.

என் ஜீப் பட்டாளத்தில் உழைத்து, ஏலத்தில் விலைபோய், என் கைக்கு வந்தது. பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் என்ஜின் வைத்தேன். பட்டன் பட்டனாக நிற்கும் பெரிய டயர் போட்டேன். என்ஜினுக்குக் காற்று போகும் குழாயை முன்கண்ணாடி ஓரமாகக் கூரைக்கு மேலே ஏற்றினேன். ஏரி நிறைந்து கலங்கலில் வழியும்போது வண்டி கதவு வரைக்கும் முங்கும். மேலே உள்ள காற்றை இழுத்தால்தான் என்ஜின் அணையாமல் அக்கரை போய்ச் சேரும். பார்க்கிறவர்கள் எல்லாம் அதைப் புகைபோக்கி என்றே நினைப்பார்கள். சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஊர்ப் பால் முழுவதும் இந்த ஜீப்பில்தான் ஸ்ரீபெரும்புதூர்ப் பால் நிலையத்துக்குப் போகிறது. வருஷா வருஷம் வண்டி ஓடத் தகுதியானது என்று எப்.சி. சான்று வாங்க வேண்டும். அந்த வருஷம் அதோடு புகைச் சோதனையும் சேர்ந்துகொண்டது. அன்றைக்குள் எப்.சி. காட்டாவிட்டால் சாயங்காலப் பாலிலிருந்தே டெம்போக்காரர் ஏழுமலைக்கு மாற்றிவிடுவதாக நிலையத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஏழுமலை நல்ல மனிதர்தான். அவருடைய டெம்போதான் கலங்கலில் இறங்காது. மழைக்காலம் முழுக்க எங்கள் ஊர்ப் பால் கறந்த வீட்டிலேயே திரிய வேண்டியதுதான்.

ஒரகடம் கூட்டுரோட்டில் டீ குடித்தோம், முக்கால் ரூபாய். ஜீப் அதுவரை மணிமணியாக ஓடியது. பின்னால் திரும்பிப் பார்த்தேன், புகை என்று சொல்லும்படி ஒன்றுமே இல்லை. போன வாரம்தான் என்ஜின் வேலை பார்த்து வைத்திருந்தேன். எனக்கு ஒரே தெம்பு.

ஏழரைக்கு வல்லக்கோட்டை. கூட வந்த என் கொழுந்தன் மணி, முருகனுக்குப் பூஜை போடாமல் ஒரு அடி நகரக் கூடாது என்றான். எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டி, எல்லாம் முறையாக நடந்தது. நான் சன்னதிக்குள் போய்க் கும்பிட்டு வருவதற்குள், குருக்கள் கொடுத்த பரிவட்டத் துணியைச் சந்தனத்தில் தோய்த்து ஜீப்புக்குக் கட்டியிருந்தான்.

"மனுசாளுக்குத் தலையில கட்டறாங்க. வண்டிக்கு அதான் அண்ணி தல," என்று குழாயின் உச்சியைக் காட்டினான். மேலே ஒரு சாமந்தி மாலை வேறு. மாப்பிள்ளை மாதிரி இருந்தது. நானும்தான் ரசித்தேன், பொய் சொல்வானேன்.

அங்கே பிடித்தது சனியன். வண்டி இழுக்க மறுத்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்னால் கன்னங்கரேலென்று புகை.

"இன்னா அண்ணி இப்புடிப் பொகையுது? எவனோ கண்ணு வெச்சுட்டான்."

"கண்ணுமில்ல மண்ணுமில்ல. டீசல்ல மண்ணெண்ணெயக் கலந்துட்டான் பாவி," என்று டீசல் போட்ட பங்க்காரனை வழி நெடுகத் திட்டிக்கொண்டே போனேன். அந்த மனிதருக்கு அன்று எவ்வளவு விக்கல் எடுத்ததோ.

ஒன்பது மணி. ஸ்ரீபெரும்புதூரில் பெங்களூர் ரோட்டோர மைதானத்தில் எப்.சி.க்கு வந்த லாரிகள் வரிசை கட்டி நின்றன. சைலன்சரில் ஒரு டியூபைச் செருகி, ஆக்சிலேட்டரை ஒரே அழுத்தாக அழுத்தச் சொல்வார்கள். புகை ஒரு வெள்ளைத் தாளில் வட்டமாகப் படியும். வட்டம் எவ்வளவு கறுப்போ அதை வைத்துத்தான் முடிவு.

எங்கள் முறை வந்தது. மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் கை காட்ட, நான் அழுத்தினேன். அழுத்திக்கொண்டே குழாயைப் பார்த்தேன். பரிவட்டத் துணி குழாய் வாய்க்குள் சப்பென்று ஒட்டி உள்வாங்கியது. அடப் பாவி மணி! குழாயின் கழுத்தில் அல்ல, வாயையே மூடிக் கட்டியிருக்கிறான். மூச்சு முட்டினால் டீசல் என்ஜின் புகையாமல் என்ன செய்யும்? மானசீகமாக அந்த பங்க்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இன்ஸ்பெக்டர் தாளை நீட்டினார். அட்டைக் கறுப்பு. "பெயில்மா. அடுத்த வாரம் வாங்க."

ஏறி நின்று துணியைப் பிய்த்து எடுத்தேன். "சார், காத்துக் குழாய் அடைச்சிருந்துச்சு. இப்ப பாருங்க."

"ஒரு வண்டிக்கு ஒரு தடவைதான். வண்டிய எடுங்க."

"எடுக்க மாட்டேன்." சாவியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன். நகரவில்லை. "அடுத்த வாரம் எங்க ஊருப் பால நீங்களா வந்து வாங்கிக்குவீங்க?"

பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. எனக்கு அடுத்து நின்ற குன்றத்தூர் டிரைவர் இறங்கி வந்தார். என்னைத் திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"சார், அக்காவுக்கு இன்னொரு வாட்டி பாத்துடு சார். அது நவுராது போல கீது. எனக்கு லோடு நிக்குது."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார், லாரி வரிசையைப் பார்த்தார், புதுத் தாள் ஒன்றை எடுத்தார். அழுத்தினேன். இந்த முறை திருநீறு தொட்ட விரலை ஒற்றியது போல ஒரு சாம்பல் வட்டம். பாஸ். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் முந்தானையால் ஸ்டீயரிங்கைத் துடைத்தேன்.

கையெழுத்துப் போடும்போது அவர் பேனாவால் குழாயைக் காட்டினார். "அடுத்த வருஷம் வரும்போது இது இருக்கக் கூடாது. வண்டியோட வந்த சாமான் இல்ல இது."

"எங்க ஊருக்கு ரோடு போட்டுட்டா, நானே கழட்டிக் கொண்டாந்து உங்க மேசை மேல வெக்கறேன் சார். போடலன்னா குழாயோடதான் வருவேன்."

அவர் காகிதத்தைக் கொடுத்தார். பால் நிலையத்தில் அதைக் காட்டிவிட்டு, வந்த வழியே திரும்பினோம். வல்லக்கோட்டையில் மணி மறுபடியும் பரிவட்டத்தை எடுத்தான். "உன் தலையில கட்டிக்கடா," என்றேன். கட்டிக்கொண்டான்.

மூன்று மணிக்குக் கலங்கல். இக்கரையில் ஏழுமலை டெம்போவோடும் காலி கேன்களோடும் தண்ணீரைப் பார்த்தபடி நின்றிருந்தார். எனக்கு எப்.சி. கிடைக்காது என்று யாரோ முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"கிடைச்சுதாக்கா?"

"கிடைச்சுது. வந்ததுதான் வந்த, ஏறு. பால் ஏத்த ஒரு கை ஆவும்."

நடுக் கலங்கலில் தண்ணீர் கதவைத் தொட்டது. ஏழுமலை மணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பொகைபோக்கி..." என்று ஆரம்பித்தார். நான் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டார்.

ஸ்ரீபெரும்புதூரில் தார் ரோட்டில் நின்று பார்த்தால் எந்த வண்டிக்கும் கூரைக்கு மேல் குழாய் தேவையில்லை. எங்கள் ஊரில் நின்று பார்க்க அந்த அதிகாரிகள் யாரும் வந்ததில்லை. அன்று சாயங்காலப் பால் ஒரு படிகூடத் திரியவில்லை.

அடுத்த வருஷமும் குழாயோடுதான் போனேன்.