மாமாவுக்கு மட்டும் ஒரு கதவு

ஜெர்மனியின் எசன் நகரத் தமிழ்ப் பள்ளியில் படித்த பத்து வயதில் அவையஞ்சாமை எனக்கு நிறையவே வாய்த்திருந்தது. அவையில் சொல்வதைச் சரிபார்க்கும் வழக்கம்தான் வாய்த்திருக்கவில்லை.

"அண்ணை மாளிகையில நிக்கிறார், பின்னேரம்தான் வருவார்" என்று அம்மா ஒருநாள் தொலைபேசியில் சொன்னார். கனடாவில் நிற்கிற சித்தி கனடாவில் வசிக்கிறார். ஆகவே மாளிகையில் நிற்கிற மாமா மாளிகையில் வசிக்கிறார். பக்கத்து நகரமான கெல்சென்கிர்ச்சனில் அவருக்கு ஓர் அறை இருந்ததாம். நான் அதைப் பார்த்ததில்லை. ஞாயிறுதோறும் அவரே எங்களிடம் வந்துவிடுவார். எனவே மறுவாரமே வகுப்பில் எழுந்து, என் தாய்மாமன் மாளிகைவாசி என்று முழங்கினேன்.

பேச்சுப்போட்டியில் என்னை எப்போதும் ஒரு படி முந்துகிற தோழி ஒருத்தி இருந்தாள். "சும்மா அவிழ்த்து விடாதை" என்றாள். அந்த வசந்தத்தில் பள்ளிச் சுற்றுலா அதே மாளிகைக்கு என்று அறிவித்தார்கள். என் மானம் முழுவதும் அந்த ஒரு நாளில் தொங்கியது.

நிலக்கரிச் சுரங்க முதலாளி ஒருவர் இங்கிலாந்துக்குப் போய், அங்கே பிரபுக்களின் நாட்டுப்புற மாளிகைகளில் மயங்கித் திரும்பி வந்து கட்டியது அது. கூரைமேல் கொத்துக் கொத்தாய்ச் செங்கல் புகைபோக்கிகள். சுவரை விட்டு வயிறு தள்ளி நிற்கும் யன்னல்கள். எங்கள் வகுப்பே தோளோடு தோள் சேர்ந்து ஏறத்தக்க ஓக் மரப் படிக்கட்டு. நூலகத்தில் தரை முதல் கூரை வரை தோல் அட்டைப் புத்தகங்கள். வழிகாட்டிப் பெண், இந்தச் சுவர்களுக்குப் பின்னால் இன்னொரு ஒடுக்கமான படிக்கட்டு ஓடுகிறது, விருந்தினர் கண்ணில் படாமல் வேலைக்காரர் போய்வர இங்கிலாந்தில் கண்டுபிடித்த ஏற்பாடு அது என்று ஜெர்மனில் விளக்கிக்கொண்டிருந்தார்.

"எங்கயடி உன்ர மாமா? ஒளிச்சிருக்கிறாரோ?" என்று தோழி என் காதில் கிசுகிசுத்தாள்.

அப்போது புத்தகச் சுவரின் ஒரு துண்டு அப்படியே திறந்தது. உள்ளேயிருந்து மாமா வந்தார். நீல வேலைச்சட்டை, கையில் ஒரு துணி. வீட்டிலிருக்கும்போது யார்தான் கோட்டுப் போட்டிருப்பார்?

முப்பது தமிழ்ப் பிள்ளைகளைக் கண்டு திகைத்தவர், என் முகத்தைப் பார்த்தார். பிறகு, கண்ணாடி போல் மின்னிய மரத்தரையில் நின்ற எங்கள் கால்களைப் பார்த்தார்.

"வாங்கோ, வாங்கோ! என்ன பிள்ளையள், வீட்டுக்குள்ள சப்பாத்தோடயோ? கழட்டுங்கோ, கழட்டுங்கோ!"

முதலில் குனிந்து சப்பாத்தைக் கழற்றியவள் என் தோழி. சப்பாத்தைக் கழற்றச் சொல்லும் உரிமை வீட்டுக்காரருக்கன்றி வேறு யாருக்கு உண்டு? அறுபது சப்பாத்துகள் கதவோரம் குவிந்தன. வழிகாட்டிப் பெண்ணும் வாய்விட்டுச் சிரித்தபடி தம்முடையவற்றைக் கழற்றினார். நாங்கள் காலுறைகளோடு சறுக்கி விளையாடினோம்.

"மெய்யா உங்கட வீடோ, அங்கிள்?" என்றாள் தோழி.

"ஓம் பிள்ளை. பெரிய வீடு. கூட்டித் துடைச்சு முடிக்க ஏலாது."

சொல்லிவிட்டுப் புத்தகங்களுக்குள் மறைந்தார். பேருந்தில் என் அருகே உட்காரப் போட்டி நடந்தது.

அவ்வாண்டுப் பேச்சுப்போட்டியில் அந்த மாளிகையே என் பொருள். "மதிப்பிற்குரிய நடுவர்களே! அம்மாளிகையின் பெருவாசல் எல்லோருக்கும் திறக்கும். ஆனால், சுவரே விலகி வழிவிடும் பெருமை என் மாமாவுக்கு மட்டுமே உண்டு!" என்று கையை உயர்த்தி முடித்தேன். மண்டபம் ஒரு கணம் அமைதியாயிற்று. அம்மா தலையைக் குனிந்துகொண்டார். பின்வரிசையிலிருந்து மாமா முதல் ஆளாக எழுந்து, கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக் கைதட்டினார். பிறகுதான் மற்றவர்கள் தட்டினார்கள்.

அந்த அமைதி, அந்தக் குனிவு, அந்தக் கைதட்டல் மூன்றையும் என் சொல்வன்மைக்குக் கிடைத்த வெற்றியென்றே எடுத்துக்கொண்டு, நிமிர்ந்த தலையோடு மேடையிலிருந்து இறங்கினேன்.