அழகம்மா அத்தையோட லாந்தரும் பட்டாளத்துச் சாமான்களும்

மண்ணெண்ணெய் வாசமும் பழைய காக்கித் துணி வாசமும் சேந்து ஒரு வாசம்... எங்க வீட்டு மரப்பெட்டியத் தொறந்தா அதுதான் வரும். இப்பவும் லேசா வருது.

எனக்கு எம்பது வயசு தாண்டி ரொம்ப நாளாச்சு. பேத்தி போன்ல டைப் பண்ணப் பழக்கிவிட்டா. அந்தத் தைரியத்துல எழுதுறேன்.

போன வாரம் பழைய சாமான் வாங்குறவர் ஒருத்தர் வந்தார். பெட்டிக்குள்ள இருந்த லாந்தருங்க, பட்டாளத்துத் தண்ணி பாட்டில், அவங்க சோறு வாங்கித் திங்கிற மெஸ் டின், தொப்பி பேட்ஜ், பித்தளை பட்டன் எல்லாத்தையும் பாத்துட்டு, "உங்க வீட்டுல யாரும்மா மிலிட்டரி?"ன்னு கேட்டார்.

யாரும் இல்ல. இது எங்க அத்தை சேத்தது.

அழகம்மா அத்தை எங்க அப்பாவோட தங்கச்சி. கல்யாணம் ஆனதும் ராமையா மாமாவோட பர்மாவுக்குப் போயிருச்சு. அங்க சின்னதா ஒரு மளிகைக் கடை. சப்பான்காரன் குண்டு போட ஆரம்பிச்சதும் சனமெல்லாம் காட்டு வழியா நடந்தே கிளம்பிருச்சு. இவங்களும் கிளம்பிட்டாங்க.

வழியில ஒரு ஆறு. படகுல பொம்பளைங்களையும் புள்ளைங்களையும் மட்டும் மொதல்ல ஏத்துனாங்களாம். மாமா கையில இருந்த அரிக்கேன் லாந்தர அத்தைகிட்ட குடுத்து, "நீ போ... அடுத்த படகுல வாரேன்"ன்னு சொன்னாராம்.

அடுத்த படகு வரவே இல்ல.

புதுக்கோட்டையில எங்க வீடு ரயிலடிக்குப் பக்கம். அத்தை வந்து நின்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. காலெல்லாம் வெடிச்சு, தலைமுடி கொட்டிப்போய்... கையில அந்த லாந்தர். எங்க அம்மாவுக்கே சட்டுன்னு அடையாளம் தெரியல.

நாள் போகப்போக சொந்தக்காரங்க பேச ஆரம்பிச்சாங்க. காரியம் பண்ணிரலாம், எத்தனை நாளைக்குத்தான் இப்படியேன்னு. எங்க அப்பாவும் ஒருநாள் மெதுவா கேட்டார்.

"என்ன ஆத்தா செய்யலாம்?"

அத்தை அழுகல. "பாத்தவுக யாராச்சும் வந்து சொல்லட்டும்ண்ணே. அதுவரைக்கும் நான் எதையும் கழட்ட மாட்டேன்"னு சொல்லிருச்சு.

யாரும் வந்து சொல்ற மாதிரி தெரியல. அதனால அத்தையே கேக்கக் கிளம்பிருச்சு.

சாயங்கால ரயில்ல லீவுக்கு வர்ற பட்டாளத்துக்காரங்க எறங்குவாங்க. பொழுது சாயுற நேரம் அத்தை லாந்தரோட பிளாட்பாரத்துல நிக்கும். காக்கிச் சட்டை கண்ணுல பட்டா நேரா போய், "தம்பி, பர்மா பக்கமிருந்தா வாரீங்க? ராமையான்னு ஒருத்தரு... புதுக்கோட்டைக்காரரு... எங்கயாச்சும் பாத்தீகளா?"

அந்தக் காலத்துல ஒரு பொம்பள தனியா நின்னு முன்னப்பின்ன தெரியாத ஆம்பளைகிட்ட பேசுறது சின்ன விஷயமில்ல. ஊரு பேசுச்சு. அத்தை காதுல வாங்கிக்கல.

யாருக்கும் தெரியல. ஆனா இல்லைன்னு சொல்லிட்டு வெறுங்கையோட அனுப்ப அவங்களுக்கும் மனசு வராது. ஒருத்தர் சட்டை பட்டனப் பிச்சுக் குடுத்தார். இன்னொருத்தர் தண்ணி பாட்டிலக் கழட்டிக் குடுத்தார். மடக்கி வைக்கிற பட்டாளத்து லாந்தர் ஒண்ணு அப்படித்தான் வந்துச்சு. செவப்பும் பச்சையும் கண்ணாடி வச்ச கை விளக்கு, ரயிலடியில வேலை பாத்த ஒரு போர்ட்டர் ரிட்டயர் ஆகும்போது அத்தைக்குக் குடுத்தது.

அத்தை எல்லாத்தையும் தொடச்சுப் பெட்டியில வைக்கும். எதை யார் குடுத்தா, எந்த ஊரு, எல்லாம் வாயிலயே இருக்கும்.

சண்டை முடிஞ்ச பெறகு, கறம்பக்குடி பக்கத்து ஆளு ஒருத்தர் எங்க வீட்டைத் தேடி வந்தார். பட்டாளத்துல லாரி ஓட்டுனவராம். ரயிலடியில யாரோ அத்தையப் பத்திச் சொல்லியிருக்காங்க. வாசல்ல நின்னு தயங்கினார்.

"பர்மாவுலருந்து வர்ற வழியில, மலை மேல கேம்ப்புல பாத்தேன்க்கா. காலரா. பேரு ராமையான்னுதான் சொன்னாரு. பொஞ்சாதி படகுல போயிட்டா, அவ பொழச்சுக்குவான்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு..."

அத்தை ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. "தண்ணி யாரும் குடுத்தாகளா?"

"நாந்தேன்க்கா குடுத்தேன்."

அத்தை எந்திரிச்சு உள்ள போய் எலை போட்டுச்சு. அவரச் சாப்பிட வச்சுத்தான் அனுப்புச்சு. மறுநாள் காலையில குளிச்சிட்டு வந்து, தாலியத் தானே கழட்டி அப்பா கையில குடுத்துச்சு. அன்னைக்குத்தான் அத்தை அழுது பாத்தேன்.

கொஞ்ச நாள் கழிச்சு, சாயங்காலம் லாந்தரத் தொடச்சு எடுத்துக்கிட்டுக் கிளம்புச்சு. அப்பாவுக்குத் தாங்கல.

"இனிமே யார ஆத்தா கேக்கப் போற?"

"எனக்குத் தெரிஞ்சிருச்சுண்ணே. இன்னும் தெரியாம எத்தனை பேரு இருக்காளுக."

அப்பா வழிய விட்டு ஒதுங்கி நின்னார்.

அதுக்கப்புறம் புருசனக் காணாதவுக, மகனக் காணாதவுக எல்லாம் எங்க வீட்டுக்கு வந்து பேரச் சொல்லிட்டுப் போவாங்க. அத்தை அவங்களுக்காகக் கேக்கும். ஆவூர்லருந்து ஒரு அம்மா... மகன் செத்துட்டான்னு மாதா கோயில்ல பூசையே வச்சுட்டாங்க. அந்த மகன் வடக்க ஒரு பட்டாளத்து ஆஸ்பத்திரியில இருக்கான்னு அத்தைதான் கேட்டுக் கண்டுபுடிச்சுச்சு. ஒத்தக் காலோட, கட்டைய ஊனிக்கிட்டு ரயில விட்டு எறங்குனாராம். அந்த அம்மா மகனக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி அத்தை காலத் தொடப் போச்சாம். அத்தை புடிச்சு நிறுத்திருச்சு. அவரு குடுத்ததுதான் அந்த மெஸ் டின்.

பழைய சாமான் வாங்க வந்தவர் இதெல்லாத்தையும் கேட்டுட்டு வெல பேசாமலே போயிட்டார்.

இப்ப என் மகன் துபாய்ல இருந்து நெனச்சா வீடியோ கால்ல வாரான். ஜெகதாப்பட்டினத்துல மீன் புடிக்கக் கடலுக்குப் போனவுகளை எல்லை தாண்டுனதாச் சொல்லிப் புடிச்சிட்டாங்கன்னா, பொழுது விடியுறதுக்குள்ள வாட்ஸ்அப்ல பேரோட வந்துருது. நாங்களும் பாக்குறோம்... கை கூப்புற படம் ஒண்ணப் போடுறோம்... அடுத்ததுக்குத் தள்ளிடுறோம்.

சேதி வேகமா வர்றது நல்லதுதான். கொறை சொல்லல. ஆனா ஊராளுக காணாமப் போனா, அடுத்தவுகளுக்காகச் செருப்ப மாட்டிக்கிட்டுத் தெருவுல எறங்குன ஒரு பொம்பள எங்க வீட்டுல இருந்துச்சு. அத நெனச்சா இன்னும் பெருமையா இருக்கு... இப்ப நம்ம வீட்டுல அப்படி யாரு இருக்கான்னு யோசிச்சா, கொஞ்சம் சங்கடமாவும் இருக்கு.