மான் கடதாசி தின்னும் கடை

சமாதானப் பேச்சு முறிந்து சண்டை திரும்பவும் தொடங்கியிருந்த வருடங்கள் அவை. திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் இருந்த ஓர் அலுவலகத்தில் நான் ஆங்கிலக் கடிதங்கள் தட்டச்சு செய்யும் வேலையில் இருந்தேன். மேட்டிலிருந்து இறங்கினால் கீழ்த்தெருவில் என் அண்ணாவின் கொமினிக்கேசன். கொமினிக்கேசன் என்றால் இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. வெளிநாட்டுக்குக் கோல் எடுக்க இரண்டு கண்ணாடிப் பெட்டிகள், ஒரு போட்டோக்கொப்பி மெஷின், இன்டர்நெட்டுக்கு மூன்று கம்ப்யூட்டர்கள். கடை அவ்வளவுதான்.

அம்மா, அப்பா காலமாகிவிட்டார்கள். வீட்டில் அண்ணாவும் நானும் மட்டும். வேலை முடிந்ததும் நான் நேரே கடைக்குப் போய், மூலையில் இருந்த கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவேன். இருட்டுவதற்குள் அண்ணா கடையைப் பூட்டி என்னைக் கூட்டிக்கொண்டு போவார். இருட்டிய பிறகு தெருவில் நிற்க யாருக்குத் துணிவு இருந்தது?

அந்த மூலையில் இருந்து நான் என்ன செய்தேன் என்று கேட்டால் சிரிப்பீர்கள். விளையாடினேன். படம் ஒன்றும் கிடையாது, வெறும் எழுத்து. உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்து, ஒரு பழங்காலத் துறைமுக நகரத்தில் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் வைத்தியர், ஒருவர் திருடன், ஒருத்தி இளவரசி. உள்ளே வந்துவிட்டால் அந்த வேடமாகத்தான் பேச வேண்டும். சொந்தப் பேர், ஊர், நாடு எதுவும் வாயில் வரக்கூடாது. தவிர்க்க முடியாத சங்கதி ஏதும் இருந்தால் இரட்டை அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். அடைப்புக்குறி போட்டால், ‘இது நடிப்பு இல்லை, நான் நானாகவே பேசுகிறேன்’ என்று அர்த்தம். அதற்குள் யாரும் விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்வதில்லை.

நான் எடுத்த வேடம் ஒரு கிழட்டுப் படகோட்டி. வாய் சரியான மோசம். இளவரசியையே “ஏறடி படகில்” என்று அதட்டும் கிழவன். நிஜத்தில் நான் எப்படி? அலுவலகத்துக்குப் போக ஆமிக்காரர் சோதிக்கும் ஒரு சென்றி, வர ஒரு சென்றி. பையைத் திற என்றால் திறப்பேன். தலைகீழாகக் கொட்டினால் குனிந்து பொறுக்குவேன். வாயிலிருந்து வருவது “ஓம் சேர்” மட்டும்தான். அந்த விழுங்கிய கதை எல்லாவற்றையும் கிழவன் வாயால் கக்கினேன். எங்கள் நகரத்துக் கோட்டை வாசலில் பூதங்கள் காவல் நிற்கின்றன என்றேன். மீன் கூடையைக் கவிழ்த்துப் பார்க்கும், பேரை மூன்று தரம் கேட்கும், மூன்று தரமும் பிழையாக எழுதும் என்றேன். நகரமே சிரித்தது.

ஆகக் கூடுதலாகச் சிரித்தவர் துறைமுக அதிபர். அதுவும் ஒரு வேடம்தான். அந்த நகரத்தில் சட்டம் பேசும் ஆள் அவர். யாராவது தேவையில்லாமல் அடைப்புக்குறி போட்டால், “என் துறைமுகத்தில் இது என்ன புது மொழி? அபராதம் மூன்று கருவாடு” என்பார். நான் முதல் நாளே கருவாடு கட்டியிருக்கிறேன். அவருடைய ஆங்கிலம் அவ்வளவு சுத்தம். ஏதோ குளிர் தேசத்தில், கணப்புக்குப் பக்கத்தில் கோப்பையோடு இருக்கும் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். ஒரு வருடத்துக்கு மேலாக அவரோடு மல்லுக்கட்டினேன். அவர் ஒருநாளும் அடைப்புக்குறி போட்டதில்லை.

இனி மானைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருகோணமலையில் மான்கள் மாடு மாதிரித் தெருவில் திரியும். அதிலே ஒன்றுக்கு ஒற்றைக் கொம்பு. மற்றது எங்கே முறிந்ததோ தெரியாது. பின்னேரமானால் எங்கள் கடை வாசலில் வந்து நிற்கும். போட்டோக்கொப்பியில் பழுதாகிற கடதாசிகளை அண்ணா நீட்டுவார், அது அடையாள அட்டைக் கொப்பியா, பிறப்புச் சான்றிதழா என்று பார்க்காமல் தின்னும். எனக்கு அதில் ஆசை. அதனால் கிழவனின் குடிசை வாசலிலும் ஓர் ஒற்றைக் கொம்பனைக் கொண்டுவந்து நிறுத்தி, வரிச்சீட்டுகளைத் தின்ன விட்டேன். மான் கதை எழுதினால் துறைமுக அதிபருக்கு நல்ல சந்தோஷம். “உன் கணக்கை மான் தின்றதா, நீ தின்றாயா?” என்று நக்கல் அடிப்பார்.

ஒருநாள் பின்னேரம் அண்ணா பூட்டை எடுத்துக்கொண்டு, “எழும்பு, எழும்பு, காணும்” என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நான் கிழவனைக் குடிசைக்கு அனுப்பப் போன நேரம் துறைமுக அதிபர் வந்தார்.

“படகோட்டியே, நாளை உன் படகைக் கடலில் இறக்காதே. காற்று சரியில்லை.”

நான் விடுவேனா? “காற்று எனக்கு மச்சான் முறை, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று எழுதினேன்.

“நாளை உன் குடிசைக் கதவைத் திறக்காதே என்கிறேன்.”

“துறைமுக அதிபர் சாராயத்தில் விழுந்துவிட்டார் என்று ஊர் முழுக்கத் தமுக்கு அடிக்கப் போகிறேன்!”

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். ஆனால் பதில் வந்தது, இரட்டை அடைப்புக்குறிக்குள்:

((மான் கடதாசி தின்னும் கடை. நாளை காலை அதைத் திறக்க வேண்டாம். அந்தக் கடைக்காரர் வீட்டிலும் இருக்க வேண்டாம். யாருக்கும் சொல்ல வேண்டாம்.))

அதோடு அவர் போய்விட்டார்.

குடிசை என்றுதான் நான் எழுதியிருக்கிறேன், கடை என்று ஒருநாளும் எழுதவில்லை. வரிச்சீட்டு என்றுதான் எழுதினேன், கடதாசி என்று இல்லை. இந்த ஆள் எங்கள் ஒற்றைக் கொம்பனைக் கண்ணால் பார்த்திருக்கிறார். எங்கள் வாசலால் நடந்து போயிருக்கிறார். ஒருவேளை கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று கோல்கூட எடுத்திருக்கலாம். குளிர் தேசமும் இல்லை, கணப்பும் இல்லை. எங்கள் ஊரில் கரண்ட் போன பின்னேரங்களில் அவரும் நகரத்துக்கு வரவில்லை என்று மற்றவர்கள் சொல்லியிருந்தது அப்போதுதான் உறைத்தது. பேரை மறைத்துவிட்டேன், ஊரை மறைத்துவிட்டேன் என்று இறுமாந்திருந்த நான், என் தெருவையே அப்படியே தூக்கிக் கிழவனுக்கு உடுத்தி விட்டிருக்கிறேன்.

அதைவிடப் பெரிய பயம் அடுத்ததாக வந்தது. நாளைக்கு எங்கே கை வைக்கப் போகிறார்கள் என்று இன்றைக்கே தெரிந்த ஆள் என்றால், அவர் யார்? ஒரு வருடமாக நான் பூதம், பூதம் என்று நையாண்டி செய்தது யாரிடம்?

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்கிறாய்?” என்றார் அண்ணா. தலையிடி என்று சொல்லி எழும்பினேன்.

வழியெல்லாம் யோசனை. அண்ணாவிடம் சொன்னால் நம்பமாட்டார். நம்பினாலும், நேரே போய் ஆர் எவர் என்று விசாரிப்பார், அவர் குணம் அப்படி. பக்கத்துக் கடையில் போன் திருத்துகிறவர் அண்ணாவின் கூட்டாளி, அவருக்காவது சொல்லுவோமா என்று அவர் கடையடியில் ஒரு கணம் நின்றேன். ‘உனக்கு எப்படித் தெரியும்?’ என்ற ஒரு கேள்வி போதும் அந்தக் காலத்தில், கேள்வி கேட்கப்பட்டவர் வீடு திரும்பாமல் போக. வாயை மூடிக்கொண்டு நடந்தேன்.

விடிந்தது. கடையைத் திறக்க அண்ணா திறப்புக் கோர்வையை எடுத்தார். நான் குசினி வாசலில் விழுந்தேன்.

அவ்வளவு நாளும் எழுத்தில் நடித்தவள், அன்றைக்கு உடம்பால் நடித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டேன். கதிரை ஒன்றையும் தட்டி விழுத்தினேன். “அண்ணா, ஏலாது, வயித்துக்குள்ள குத்துது” என்று கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டோவோடு வந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர் வயிற்றை அமத்தி, “இங்க நோகுதா?” என்றார். எங்கே அமத்தினாலும் ஓம் என்றேன். அப்பென்டிக்ஸாக இருக்கலாம், வார்டில் வைத்துப் பார்ப்போம் என்று சொல்லி, கையில் சேலைன் ஏற்றிவிட்டார்கள்.

அங்கேதான் என் திட்டம் பிழையாகிப் போனது. என்னைக் கட்டிலில் ஏற்றியதும் அண்ணாவுக்கு நிம்மதி வந்துவிட்டது.

“சரி தங்கச்சி, இனி இவையள் பாப்பினம். நான் கடையைத் திறந்துபோட்டு மத்தியானம் வாறன். சனம் வந்து நிக்கும்” என்று எழும்பினார்.

நான் அவர் கையைப் பிடித்தேன். “போகாதேங்கோ அண்ணா. என்னைத் தனிய விட்டுட்டுப் போகாதேங்கோ.”

“விசரே உனக்கு? ஒரு மணித்தியாலம்...”

“போனா நான் செத்துப் போயிடுவன்.”

அதைச் சொல்லும்போது நான் நடிக்கவில்லை. அழுகை உண்மையிலேயே வெடித்துக்கொண்டு வந்தது. அம்மா செத்த வீட்டில்கூட நான் அப்படி அழவில்லை. இந்தக் கையை விட்டால் இனி இந்தக் கை எனக்கு இல்லை என்று மட்டும்தான் தெரிந்தது. வார்டே திரும்பிப் பார்த்தது. அண்ணா வெட்கப்பட்டு, புறுபுறுத்துக்கொண்டு, வாங்கில் உட்கார்ந்தார். திறப்புக் கோர்வை அவர் மடியில் கிடந்தது.

கொஞ்ச நேரத்தில் வார்டு கூட்டுகிற அக்கா ஓடி வந்தா. “கீழ்த்தெரு முழுக்க ஆமிக்காரங்கள் சுத்தி வளைச்சுப்போட்டாங்கள். தலையாட்டியும் வந்திருக்கிறானாம். ஆம்பிளையள் ஒருத்தரையும் வீதியால போக விடாதேங்கோ” என்றா. முகத்தைச் சாக்கால் மூடிக்கொண்டு வந்து, வரிசையில் நிற்பவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறவனைத்தான் நாங்கள் தலையாட்டி என்போம். அவன் தலை ஆடினால் அந்த ஆளை லொறியில் ஏற்றிவிடுவார்கள்.

அண்ணாவின் முகத்தில் இரத்தமே இல்லை. என் காலடியில் இருந்த போர்வையை இழுத்து எனக்கு மூடிவிட்டார்.

பிறகு கேள்விப்பட்டோம். எங்கள் கடைப் பூட்டை உடைத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் பெட்டிகளைக் கொண்டுபோய்விட்டார்கள். வெளிநாட்டுக் கோலும் இன்டர்நெட்டும் உள்ள கடை என்றாலே அவர்களுக்குச் சந்தேகம். கடைக்காரன் எங்கே என்று அந்தத் தெருவில் எல்லோரையும் கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்கும் போயிருக்கிறார்கள். தெருவில் நின்ற ஆண்களை லொறியில் ஏற்றினார்கள். சிலர் அன்று பின்னேரமே வந்தார்கள், சிலர் வாரக்கணக்கில் கழித்து வந்தார்கள். போன் திருத்துகிறவர் வரவேயில்லை. இன்றுவரை வரவில்லை. அவர் கடையடியில் நான் நின்ற அந்த ஒரு கணம் இப்போதும் என் நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது.

அண்ணாவைக் கந்தளாயில் ஒரு நண்பர் வீட்டில் கொஞ்ச நாள் இருக்கச் செய்து, அங்கிருந்து கொழும்புக்கும், பிறகு வெளிநாட்டுக்கும் அனுப்பி வைத்தேன். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம், அலுவலகத்தில் ஒருவரும் இல்லாதபோது, பயந்து பயந்து அந்த நகரத்துக்குள் போனேன். துறைமுக அதிபர் வழக்கமான இடத்தில் நின்றார். எழுதினேன்.

((உங்களுக்கு என்ன கைம்மாறு செய்வேன்? நீங்கள் யார்?))

பதில் வந்தது, அடைப்புக்குறி இல்லாமல்.

“படகோட்டியே, என் துறைமுகத்தில் இது என்ன புது மொழி? அபராதம் மூன்று கருவாடு.”

அடுத்த வரி: ‘துறைமுக அதிபர் கருவாட்டை வாங்கிக்கொண்டு கோட்டை வாசலுக்கு நடக்கிறார். அங்கே நிற்கும் பூதத்திடம், இந்தக் கிழவனை எனக்குத் தெரியும், கூடையைக் கவிழ்க்காமல் விடு என்கிறார்.’

அந்தப் பூதக் கதைகளுக்கெல்லாம் சிரித்தவர் ஒரு பூதமா, பூதங்களுக்கு மேலதிகாரியா, அவர்களுக்கு மொழிபெயர்க்கும் ஆளா, கோப்புத் தூக்குகிறவரா? சிங்களவரா, தமிழரா, முஸ்லிமா? ஆணா, பெண்ணா என்பதுகூட எனக்குத் தெரியாது. நானே கிழவன் வேடத்தில் நின்ற ஒரு குமர்ப்பிள்ளைதானே!

அன்றைக்குப் பிறகு துறைமுக அதிபர் அந்த நகரத்துக்கு வரவில்லை. மாதக்கணக்கில் நான் போய்ப் போய்ப் பார்த்தேன். வேறு இடத்துக்கு மாற்றினார்களோ, போரில் போய்விட்டாரோ, எனக்குச் சொன்னதற்காகவே அவருக்கு ஏதும் நடந்ததோ? கடைசிக் கேள்வி வரும்போது நித்திரை போய்விடும்.

அண்ணாவுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது, வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். என் அப்பென்டிக்ஸ் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், “இவளின்ர வயித்துக்குத்து எனக்கு உயிர்ப்பிச்சை” என்பார். இதை வாசித்தால்தான் அவருக்கே உண்மை தெரியவரும்.

சோதனைச்சாவடிகள் எல்லாம் போய்விட்டன. ஆனாலும் எங்கேயாவது சீருடை போட்ட ஒருவர் என் பையைத் திறக்கச் சொன்னால், குனிந்து திறப்பதற்கு முன் அவர் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிறேன், எனக்காக ஒரே ஒருமுறை அடைப்புக்குறி போட்ட அந்த மனிதர் இவராகவும் இருக்கலாம் அல்லவா.