என் வாயில் நடந்த மஞ்சள் பரீட்சை

கூலாய் என்ற ஊரில் குடியிருந்துகொண்டு, பக்கத்து ஊரான செனாயில் உள்ள தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்வருகிறேன். சில காலமாகப் பல் துலக்கினால் நுரையெல்லாம் சிவப்பாக வந்தது. ஈறுநோய் என்றார் பல் டாக்டர், என்னைவிட இளையவர். பல்லெல்லாம் ஆடி விழுந்துவிடுமோ என்று நான் கலங்கியிருந்தபோது அவரே கேட்டார்.

"அக்கா, ஒரு ஆராய்ச்சி நடக்குது. சேர்ந்துக்கிறீங்களா? மஞ்சள்ல இருக்கிற குர்குமினைப் பிரிச்செடுத்து ஜெல் பண்ணிருக்காங்க. ஈறு வீக்கம் குறையுதான்னு பார்க்கணும்."

"வீட்டு மஞ்சத்தூளைப் பூசிக்கிட்டா ஆகாதா டாக்டர்?"

"அது எச்சில்ல கழுவிட்டுப் போயிடும்லா. இது ஈறு இடுக்குல ஒட்டி நிக்கும்."

முதலில் வாய் முழுவதும் பல்லில் படிந்திருந்த காரையைச் சுரண்டி எடுத்தார்கள். பிறகு ஒரு பக்கத்தில் மருந்து ஜெல், மறுபக்கத்தில் மருந்தே இல்லாத வெறும் ஜெல். இரண்டுக்கும் ஒரே மஞ்சள் நிறம். எது எந்தப் பக்கம் என்று எனக்கும் தெரியாது, பூசிய டாக்டருக்கும் தெரியாது.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வாய்க்குள்ளேயே ஒரு போட்டி!

"வலது பக்கந்தான்! சுருசுருன்னு மருந்து ஏறுதுங்க" என்றேன் வீட்டுக்காரரிடம்.

அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். "இடது பக்கந்தான் சிவப்பு கொறஞ்சிருக்கு. நல்லா பாரு."

தினமும் காலையில் கண்ணாடி முன்னால் இதே வழக்கு. ஒருநாள் துப்பிய நுரை வெள்ளைவெளேரென்று இருந்தது. நான் போட்ட கூச்சலில், குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று நினைத்து ஓடிவந்தார். நுரையைக் காட்டினேன். ஈரக் கையோடு என்னைப் பிடித்துச் சுற்றினார்.

ஆராய்ச்சியில் சேர்ந்த எல்லோருக்கும் சோதனை முடிந்த பிறகுதான் கூப்பிட்டார்கள். இருவரும் போனோம்.

"உங்களுக்கு மருந்து வச்சது இடது பக்கம்கா" என்றார் டாக்டர்.

வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "நான் சொன்னேன்ல!"

"அலமாக்!" என்று தலையில் கை வைத்தேன். "அப்ப வலது பக்கம் சுருசுருன்னு இருந்துச்சே, அது என்ன?"

"அது உங்க ஆசைதான் அக்கா." டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "காரை எடுத்ததிலேயே ரெண்டு பக்கமும் நல்லா ஆறிடுச்சு. இடது பக்கம் இன்னும் கொஞ்சம் கூடுதலா வீக்கம் வடிஞ்சிருக்கு. ஆனா ஒருத்தர் வாயை வச்சு மஞ்சள் ஜெயிச்சிடுச்சுன்னு சொல்ல முடியாது. எல்லாரையும் சேர்த்துப் பார்க்கணும்."

தோற்றுப்போனதில் எனக்கு வருத்தமே இல்லை. நாக்கால் ஈறைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இறுகியிருந்தது. அந்தச் சந்தோஷத்தில், அடுத்து என்ன ஆராய்ச்சி என்று கேட்டேன்.

"பச்சைத் தேயிலைச் சத்து. ஆனா உங்களுக்குத்தான் சரியாயிடுச்சே, சேர்க்க முடியாது."

"அப்ப என்னைப் பாருங்க டாக்டர்" என்று வீட்டுக்காரர் ஆவென்று வாயைத் திறந்தார்.