இளையவர் முதலில் பேசும் அவை

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. நம் பல்கலைக்கழகத்தின் முன்னாள் பதிவாளர் சண்முகத்தாய் அம்மையார் விருதுநகரில் காலமாகிவிட்டார். பேனாவை மூடி வைத்தேன். அழுகை வந்தது, கூடவே பெருமிதமும் வந்தது. அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அது ஏனென்று தெரியும்.

அவர் வருவதற்கு முன் நம் கல்விக்குழு நடந்த லட்சணத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். துணைவேந்தர் முதலில் பேசுவார், நாம் தலையாட்டுவோம், பக்கோடா வரும், கூட்டம் முடிந்துவிடும். அம்மையார் முதல் கூட்டத்திலேயே அதைத் தலைகீழாக்கினார். பணியில் இளையவர் முதலில், துணைவேந்தர் கடைசியில். "பெரியவுக முந்திப் பேசிட்டா மத்தவுக வாயே திறக்க மாட்டாக. அப்புறம் எதுக்குக் கூட்டம்? பக்கோடா திங்கவா?" என்றார். துணைவேந்தரின் முகம் சுருங்கியது, ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

எங்கள் வேதியியல் துறையைக் காப்பாற்றியது அந்த வழக்கம்தான். தேர்ச்சி படுத்துவிட்டது, இனிச் சேர்க்கை வேண்டாம் என்று மேலிடம் ஏறக்குறைய முடிவு செய்திருந்தது. துறைத்தலைவனான நான் தேர்ச்சிப் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். முதலில் எழுந்தவர், புதிதாகச் சேர்ந்திருந்த உதவிப் பேராசிரியர் மாரீஸ்வரி. சிவகாசிப் பக்கத்துக்காரர்.

"நம்ம பிள்ளைக மக்கு இல்ல சார். தீபாவளி சீசன்ல வீட்டோட பட்டாசுக் கம்பெனிக்குப் போயிருவாக. அப்பப் பார்த்து நாம பரீட்சை வைக்கிறோம். எங்கன உக்காந்து படிப்பாக?"

அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று ஒவ்வொருவரும் மனதில் கிடந்ததைக் கொட்டினார்கள். தம் முறை வந்தபோது துணைவேந்தர் சிரித்துவிட்டார். "நான் சொல்ல வந்தது வேற. இனி அதைச் சொன்னா நல்லாவா இருக்கும்? பரீட்சையத் தள்ளி வைங்க. துறை இருக்கட்டும்."

தீபாவளி சீசன் முடிந்தபின் தேர்வு நடந்தது. அந்த முறை தேர்ச்சியில் எங்கள் துறைதான் முதலிடம்! மாணவர்கள் வாசலில் சரவெடி கொளுத்த, அம்மையார் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்: "பார்த்தீகளா சார், கூட்டம் ஒழுங்கா நடந்தா ரிசல்ட்டு தானா வரும்!"

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த வரிசையைத்தான். என் துறைக் கூட்டத்தில் இன்றும் நான் கடைசியில்தான் வாய் திறக்கிறேன்.

நேற்று இரங்கல் கூட்டம். முதலில் எழுந்த பெண் போன மாதம்தான் பணியில் சேர்ந்தவர். "அம்மாவ நான் பார்த்ததே இல்ல. ஆனா இங்க வந்த அன்னைக்கே என்னைய முதல்ல பேசச் சொன்னாக" என்றார். முன்வரிசையில், இப்போதைய துணைவேந்தர் தம் முறைக்காகக் காத்திருந்தார்.